இன்ஹேலரும் சோப்பும்

நான் பி.காம் இரண்டாம் ஆண்டு. எனக்கும் உயிர்வேதியியலுக்கும் உள்ள ஒரே சம்பந்தம் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் நீல நிற இன்ஹேலர். ஏழாவது படிக்கும்போது ஆரம்பித்த வீசிங். மார்கழி வந்தால் ராத்திரியில் நெஞ்சுக்குள் விசில் ஊதும். இரண்டு தடவை அழுத்தி இழுத்தால் கொஞ்ச நேரத்தில் மூச்சு சீராகிவிடும். எப்படி என்று ஒருநாளும் யோசித்ததில்லை. (கரண்ட் எப்படி வருகிறது என்று யோசித்தா சுவிட்ச் போடுகிறோம்?)

போன பொங்கலுக்குப் பெரியப்பா மகள், அக்கா, ஊருக்கு வந்திருந்தாள். பெங்களூரில் பிஎச்.டி. நான்காவது வருஷம். முகமே சரியில்லை. மொட்டைமாடியில் துணி காயப் போடும்போது, "என்னக்கா, மாப்பிள்ளை விஷயமா?" என்று கேட்டேன். "அதைவிடப் பெரிசுடா. சோப்பு விஷயம்" என்றாள்.

அவள் ஆராய்ச்சி செய்வது பாக்டீரியாவின் சவ்வில் இருக்கும் ஒரு புரதம். உள்ளே போகும் மருந்தைப் பிடித்து வெளியே தள்ளுகிற பம்ப். செல்லைச் சுற்றி இருக்கும் சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு. அதற்குள் குத்தி நிற்கும் புரதத்துக்கு இடுப்புப் பகுதி முழுக்க எண்ணெய்ப் பசை. அப்படியே உருவித் தண்ணீரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதனால் டிடர்ஜென்ட். சோப்பு மூலக்கூறுக்குத் தலை தண்ணீரை விரும்பும், வால் எண்ணெயை விரும்பும். சவ்வைக் கரைத்து, கொழுப்பு இருந்த இடத்தில் தான் போய் நின்று, புரதத்தின் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் மாதிரி கட்டிக்கொள்ளும்.

"அப்ப நல்லா அழுக்குப் போக்குற சோப்பா வாங்க வேண்டியதுதானே?"

அங்கேதான் சிக்கல். எஸ்.டி.எஸ். என்று ஒன்று, நம் பேஸ்டில் நுரை வருவதே பெரும்பாலும் அதனால்தான். விலை குறைவு, எதையும் கரைக்கும். ஆனால் புரதத்தின் மடிப்பையும் சேர்த்துப் பிரித்துவிடும். புரதம் கையில் இருக்கும், பம்ப் இருக்காது. டி.டி.எம். என்கிற டோடெசில் மால்டோசைடு சாது. மடிப்பைப் பெரும்பாலும் கலைக்காது. ஆனால் விலை! ஒரு கிராமுக்கு அக்கா சொன்ன தொகையில் எங்கள் வீட்டுக்கு எத்தனை வருஷம் துணி சோப்பு வாங்கலாம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். (பி.காம் புத்தி.)

இன்னொரு நிபந்தனையும் உண்டு. தண்ணீரில் சோப்பின் அளவு ஒரு எல்லைக்கு மேல் இருந்தால்தான் ஒட்டியாணம் நிற்கும். எஸ்.டி.எஸ்.ஸுக்கு அந்த எல்லை லிட்டருக்குச் சுமார் 8 மில்லிமோல், டி.டி.எம்.முக்கு 0.17 தான். கீழே இறங்கினால் ஒட்டியாணம் அவிழ்ந்துவிடும். எனக்கு இது உடனே புரிந்தது: மினிமம் பேலன்ஸ். ஒரு வேளைக்குக்கூடக் குறையக் கூடாது. புரதத்தைக் கழுவும் ஒவ்வொரு கரைசலிலும் சோப்பு இருந்தே ஆக வேண்டும். அக்கா டிசம்பரில் ஒருநாள் நடுராத்திரி, ஒரே ஒரு கரைசலில் சோப்பு ஊற்ற மறந்துவிட்டாள். கண்ணெதிரே பால் திரிவது போல வெள்ளையாகத் திரிந்துவிட்டதாம். மூன்று வார வேலை. உதவித்தொகை இன்னும் பத்து மாதம்தான். சொல்லும்போது கையில் இருந்த ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

நான் மூச்சுவிட முடியாமல் இன்ஹேலரை எடுத்ததும் (மாடித் தூசி) அவளுக்குப் பேச்சு திரும்பியது. "உன் கையில இருக்கிறதும் அதே கதைதான்டா."

சால்புட்டமால் மருந்து போய் ஒட்டுவது மூச்சுக்குழல் தசைச் செல்லின் சவ்வில் நிற்கும் பீட்டா-2 ஏற்பி என்ற புரதத்தில். அமெரிக்காவில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் ஆய்வகத்தில் இருந்த பிரையன் கோபில்காவும் மற்றவர்களும் அதன் ஜீனைக் கண்டுபிடித்தது 1986இல். அதன் முப்பரிமாண வடிவம் வெளியானது 2007இல். நடுவில் 21 வருஷம்! நான் பிறந்து கல்லூரிக்கு வந்ததற்கும் மேல். புரதம் அவ்வளவு தொட்டாச்சிணுங்கி. வெளியே எடுப்பதற்கு அவர்களுக்கும் டி.டி.எம்.தான். ஆனால் சோப்பு மட்டும் போதவில்லை. அசையாமல் பிடித்து வைக்க இன்னொரு புரதத்தை ஒட்ட வேண்டியிருந்தது. அந்த ஏற்பி செல்லுக்குள் சேதி சொல்லும் தருணத்தைப் படமாக்கியது 2011இல். அதற்கு இரண்டு தலை, இரண்டு வால் உள்ள புது ரகச் சோப்பு ஒன்று உதவியது. எம்.என்.ஜி. என்று பெயர், 2010இல் வெளியானது. அதன் மினிமம் பேலன்ஸ் டி.டி.எம்.மைவிடப் பல மடங்கு குறைவு. ஒட்டியாணமும் சுலபத்தில் அவிழாது. 2012இல் லெஃப்கோவிட்ஸுக்கும் கோபில்காவுக்கும் வேதியியல் நோபல்.

எட்டு வருஷமாக நான் உறிஞ்சுகிற மருந்து எங்கே போய் ஒட்டுகிறது என்று பார்க்க இத்தனை சோப்பா! கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

நானும் சும்மா இருக்காமல், "நீயும் அந்த ரெட்டைவால் சோப்பு வாங்கேன்" என்றேன். "கைடு பில்லைப் பார்த்தா மயக்கம் போட்டுடுவார்" என்றாள். ஆனால் ஊருக்குப் போனதும் பக்கத்து ஆய்வகத்தில் ஒரு சிட்டிகை கடன் வாங்கியிருக்கிறாள்.

போன ஞாயிறு ஒரு படம் அனுப்பினாள். ஒரே ஒரு மேடு உள்ள வளைகோடு. எனக்கு அது ஸ்டாடிஸ்டிக்ஸ் நார்மல் கர்வ் மாதிரிதான் தெரிந்தது :-) புரதம் கட்டியாகாமல் தனித்தனியாக நிற்கிறது என்று அர்த்தமாம். இப்போது 4 டிகிரி குளிரில் வைத்திருக்கிறாள். பத்து நாள் திரியாமல் இருந்தால்தான் அடுத்த கட்டம். வருகிற புதன்கிழமை எடுத்துப் பார்க்கிறாள். எனக்கு அன்றைக்குத்தான் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னல். போனை வெளியே வைத்துவிட்டுப் போக வேண்டும்.