ஏடும் மருந்தாகும்

மருத்துவத்திற்கு உறுப்புகள் நான்கு என்றார் திருவள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து மருந்தை அளிப்பவர் என அவை அமையும். இன்றோ ஒரே நோயாளியைப் பல ஊர்களில் பல மருத்துவர்கள் காண்கின்றனர். முன்னர்க் கண்டவர் அறிந்ததைப் பின்னர்க் காண்பவருக்கு எடுத்துரைக்கும் ஏடு இல்லையேல் அந்நான்கு உறுப்புகளும் தடுமாறும். பென்சிலின் ஒவ்வாத ஒருவருக்கு அம்மருந்தையே மீண்டும் செலுத்தும் பேரிடர், ஒரு வரி எழுதப்படாமையால் நேரக்கூடும். அவ்வேட்டைக் காக்கும் கல்விக்கு நலவாழ்வுத் தகவல் தொழில்நுட்பம் என்று பெயர்.

அமெரிக்காவில் இக்கல்விக்கு நெடிய வரலாறு உண்டு. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பதிவேடுகளைப் பேணியவர் கிரேஸ் வைட்டிங் மையர்ஸ் அம்மையார். 1928-ஆம் ஆண்டில் மருத்துவப் பதிவேட்டாளர்களுக்கெனச் சங்கம் தோன்றியபோது, அவரே அதன் முதல் தலைவரானார். தாள்களை வரிசைப்படுத்தி அலமாரியில் காப்பதே அக்காலப் பணியின் பெரும்பகுதி. 2009-இல் மின்பதிவேடுகளுக்கு நிதி வழங்கும் சட்டம் அந்நாட்டில் இயற்றப்பட்டது. அதன்பின் தாள்கள் கணினிக்கு விரைந்து மாறின. அம்மாற்றத்திற்கு வேண்டிய பணியாளரைப் பயிற்றுவிப்பதில் சமுதாயக் கல்லூரிகளும் பங்கேற்றன.

சமுதாயக் கல்லூரி, தன்னைச் சுற்றி வாழும் மக்களின் தேவைக்காக அமைந்தது. இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-இல் ஆறு மாணவர்களோடு இத்தகைய கல்லூரி ஒன்று தொடங்கியது. அது இன்றும் நடைபெறுகிறது. இக்கல்லூரிகளில் ஈராண்டில் அசோசியேட் பட்டம் பெறலாம். கட்டணமும் பெரும்பாலும் பல்கலைக்கழகங்களைவிடக் குறைவு. மாலை வகுப்புகளும் இணையவழி வகுப்புகளும் உண்டு. ஆதலின், பகலெல்லாம் உழைப்பவரும், பிள்ளைகளை வளர்த்தபின் மீண்டும் நூலைக் கையில் எடுப்பவரும், அயல்நாட்டிலிருந்து குடியேறியவரும் ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஏற்பு பெற்ற கல்லூரியில் பயின்று முடித்தோர், ஆர்.எச்.ஐ.டி. என்னும் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம்.

கணினியை இயக்கத் தெரிந்தால் போதும் என்று எண்ணி வருவோர் முதல் பருவத்திலேயே வியப்படைவர். உடற்கூறியல், நோயியல், புள்ளியியல், சட்டம் ஆகியவற்றோடு மருத்துவச் சொல்லியலையும் அவர்கள் கற்க வேண்டும். தமிழில் பகுபதத்தைப் பகுதி, விகுதி எனப் பிரிப்பது போலவே அங்கும் சொற்களைப் பிரிக்கின்றனர். 'நெஃப்ரைட்டிஸ்' என்னும் சொல்லில் 'நெஃப்ர்' என்பது சிறுநீரகத்தையும் 'ஐட்டிஸ்' என்பது அழற்சியையும் குறிக்கும். விகுதியை அறிந்தவர், புதிய சொல்லைக் கண்டும் அஞ்சார்.

அடுத்துக் கற்பது குறியீட்டுக் கலை. ஒவ்வொரு நோய்க்கும் காயத்திற்கும் உரிய குறியீடுகளை உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஐ.சி.டி. என்னும் வகைப்பாடு தருகிறது. அதன் பத்தாம் பதிப்பைத் தன் தேவைக்கேற்ப விரித்து, 2015 அக்டோபர் முதல் அமெரிக்கா கையாண்டு வருகிறது. அம்முறையில், வலக்கை மணிக்கட்டின் அருகே ஆர எலும்பு முறிந்து முதன்முறை சிகிச்சைக்கு வந்தவருக்கு எஸ்52.501ஏ என்னும் குறியீடு பொருந்தும். இடக்கையாயின் எஸ்52.502ஏ என்று எழுத வேண்டும். ஓர் இலக்கம் பிறழ்ந்தால் ஏட்டில் கையே மாறிவிடும்.

காப்பதற்கு இணையாக மறைப்பதும் இப்பணியாளரின் கடமை. 1996-இல் இயற்றப்பட்ட ஹிப்பா சட்டத்தையும் அதன்வழி வந்த விதிகளையும் மாணவர் கற்கின்றனர். அண்டை வீட்டார் மருத்துவமனையில் சேர்ந்திருப்பினும், பணி நிமித்தமின்றி அவர்தம் ஏட்டைத் திறத்தல் ஆகாது. அன்பினால் திறந்தாலும் அது குற்றமே.

இந்தியாவிலும் இத்துறை வளர்ந்து வருகிறது. 2021-இல் நாடு முழுமைக்குமாகத் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கம், விரும்புவோருக்கு 14 இலக்கங்கள் கொண்ட 'ஆபா' எண்ணை வழங்குகிறது. அதனோடு இணைக்கப்பட்ட மருத்துவப் பதிவுகளை, உரியவரின் இசைவு பெற்று வேற்றூர் மருத்துவரும் காண இயலும். பணியின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் குடும்பங்களுக்கு இது பெருந்துணை. பழைய மருந்துச் சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் பையில் இட்டு ஊர் ஊராகச் சுமக்கும் நிலை இதனால் குறையும்.

ஆயினும் ஏட்டில் ஏறும் சொல், முதலில் ஒருவர் வாயிலிருந்து பிறக்க வேண்டும். தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி, டெல்லியிலோ நாகபுரியிலோ மருத்துவர் முன் அமர்ந்து, "எனக்கு மயக்கமாக வருகிறது" என்கிறார் எனக் கொள்வோம். அதனை மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் உடன் சென்ற பெயரனோ பெயர்த்தியோ ஆவர். மயக்கம் என்னும் சொல் தலைசுற்றலையும் குறிக்கும்; நினைவிழந்து வீழ்தலையும் குறிக்கும். ஐ.சி.டி. பத்தாம் பதிப்பில் முன்னதற்கு ஆர்42, பின்னதற்கு ஆர்55 என வெவ்வேறு குறியீடுகள் உள்ளன. மருத்துவர் தேடும் காரணங்களும் வேறுபடும்.

"பாட்டி, தலை சுற்றுகிறதா? நினைவு தப்பிக் கீழே விழுந்தீர்களா?" என்று தமிழில் திருப்பிக் கேட்டறிந்து சொல்லும் பிள்ளையால், அவ்வேட்டின் முதல் வரி பிழையின்றி அமையும்.