பூண்டிக்குச் சென்ற வகுப்பறை

திருச்சித் தெப்பக்குளத்தின் அருகே, மலைக்கோட்டைக்கு எதிரே வானளாவி நிற்கும் லூர்து அன்னை ஆலயக் கோபுரத்தை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் அரியர். அதை அடுத்து அமைந்திருப்பது தூய வளனார் கல்லூரி. இயேசு சபையினர் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883-இல் திருச்சிக்குக் கொண்டுவந்த கல்லூரி அது. அங்கே 1971-இல் இரசாயனப் பட்டப்படிப்பை முடித்த நாங்கள், ஆண்டுதோறும் பொங்கல் முடிந்த வாரத்தில் ஒருநாள் அவ்வாலயத்தில் கூடி, மறைந்த தோழர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, ஒன்றாக உண்டு பிரிவது வழக்கம்.

வகுப்பில் நாற்பத்தெட்டுப் பேர் இருந்தோம். இப்போது கூடுவோர் பன்னிருவர். அனைவரும் எழுபத்தைந்தை ஒட்டியவர்கள். மலைக்கோட்டைப் படிகளை ஒரே மூச்சில் ஏறியது பழங்கதை. இன்று தெப்பக்குளத்தைச் சுற்றி வருவதே எங்கள் மலையேற்றம். ஆயினும் எவரும் சோம்பியிருக்கவில்லை. ஒருவர் பங்குச் சிறுவர்களுக்கு மாலையில் கணக்குக் கற்பிக்கிறார். மற்றொருவர் தம் தென்னந்தோப்புக்குத் தாமே நீர் பாய்ச்சுகிறார். இன்னொருவர் வின்சென்ட் தே பவுல் சபையின் கணக்கேட்டைப் பைசா பிசகாமல் எழுதுகிறார். முன்பு இன்லண்டு கடிதத்தால் வளர்ந்த உறவு இன்று கைப்பேசியால் வளர்கிறது.

பன்னிருவரில் ஒருவர் மட்டும் ஈராண்டுகளாக வரவில்லை. பூண்டியை அடுத்த சிற்றூரில் மகன் வீட்டில் வாழ்பவர். மனைவியை இழந்தார்; பின்னர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தொலைபேசியில் அழைத்தால், “அப்பா உறங்குகிறார்” என்ற மறுமொழியே கிடைக்கும். அவரால் வகுப்புக்கு வர இயலாதெனில், வகுப்பு அவரிடம் செல்லட்டும் என்று இவ்வாண்டு முடிவு செய்தோம். திருப்பலி முடிந்ததும் பதினொருவரும் ஒரு வேனில் புறப்பட்டோம்.

திருவெறும்பூரைக் கடந்து கல்லணையில் இறங்கினோம். கரிகாற் சோழன் கட்டியதென வழிவழியாகப் போற்றப்படும் இவ்வணையில் நின்று நோக்கினால், காவிரி ஒருபுறம், வெண்ணாறு ஒருபுறம், 1934-இல் திறக்கப்பட்ட புது ஆறு ஒருபுறம் எனத் தஞ்சைத் தரணிக்கு நீர் பிரிந்து செல்வதைக் காணலாம். மிகுதி வெள்ளம் கொள்ளிடத்தில் இறங்கிவிடும். மேட்டூர் அணையை மூடும் நாள் நெருங்கியிருந்தமையால் நீர் அடங்கியே ஓடிற்று. அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி வரை, சாலையோரம் வாழைத் தோட்டங்களும், அறுவடைக்குச் சாய்ந்த சம்பா வயல்களும் கண்ணுக்கு விருந்தாயின.

நண்பர் கட்டிலில் அமர்ந்திருந்தார். மகனும் மருமகளும் அவரைக் குறைவின்றிப் பேணுவதை வெள்ளை வேட்டியும், வேளை தவறாத மருந்தும், கட்டிலருகே வைத்த வெந்நீரும் பறைசாற்றின. ஆனால் அவர் வாய் திறக்கவில்லை. கால்மணி நேரம் நாங்களே பேசினோம். அவ்வேளையில் எங்களுள் ஒருவர், ஆய்வுக்கூடத்தில் அந்நண்பர் பியூரெட்டை உடைத்து அபராதம் கட்டிய கதையை எடுத்தார். நண்பர் சட்டென நிமிர்ந்து, “உடைத்தவன் நானில்லையடா, நீ! அபராதம் கட்டியவன்தான் நான்!” என்றார். அறையே சிரித்தது. தேநீர் கொண்டுவந்த மருமகள், மாமா இவ்வளவு உரக்கப் பேசிப் பல மாதங்கள் ஆயின என்று கண்கலங்கினார்.

பின்னர் அவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு பூண்டி மாதா திருத்தலம் சென்றோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, வீரமாமுனிவரின் நினைவோடு இணைத்துப் போற்றப்படும் தலம் அது. 1999-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. 1972-இல் மறைந்த பங்குத்தந்தை லூர்து சேவியரின் கல்லறையருகே மக்கள் அமைதியாக மன்றாடிக்கொண்டிருந்தனர். நண்பர் ஊன்றுகோலைப் பற்றியவாறு, இருவர் தோள்கொடுக்க, பீடம் வரை நடந்தார். வீட்டில் குளியலறைக்கு அப்பால் நடக்க மறுத்தவர் அவர் என்று மகன் கூறினார்.

திரும்பும் வழியில் நாங்கள் சிந்தித்தது இதுவே. இல்லத்தில் அவர் தந்தை, மாமனார், தாத்தா. மதிப்புக்குக் குறைவில்லை. ஆனால் மனைவி மறைந்தபின், அவரை ‘நீ’ என்று அழைக்கவோ, அவரோடு வழக்காடவோ, அவருடைய இருபது வயதை அறியவோ ஒருவரும் அங்கில்லை. அந்தப் பசியை அன்பான பிள்ளைகளாலும் ஆற்ற இயலாது. ஒத்த வயதுத் தோழமையே அதற்கு உணவு. இப்போது மாலை ஏழு மணிக்கு, முறை வைத்து, நாளுக்கொருவர் அவரை அழைக்கிறோம். அவரும் தம் திண்ணைக்கு நடந்துவந்து பேசுகிறார்.

குடும்பங்களில் முதியோரைப் பேணும் மக்களே! மருந்தும் உணவும் தவறாமல் அளிக்கிறீர்கள், நன்று. அத்துடன், “உங்கள் பழைய நண்பர் யார்? எங்கே இருக்கிறார்?” என்று ஒருநாள் கேளுங்கள். ஒரு ஞாயிறு பிற்பகல் அவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பயணம் நெடிதாயினும் பயன் அதனினும் பெரிது.