இடக்கரடக்கல்

மலருக்கு இலக்கியக் கட்டுரையொன்று தருமாறு மலராசிரியர் பணித்தார். தமிழாசிரியனிடம் வேறெதனை எதிர்பார்ப்பர்? எனினும், கல்லூரி விடுதியில் என்னோடு வாழ்ந்த என் தமையனாரைப் பற்றியே எழுத விழைகின்றேன். அவர்தம் இசைவு பெற்றுள்ளேன்.

விடுதிக் கிணற்றடிக்கு எல்லோரும் குளித்துப் போன பின்னரே அவர் வருவார். காரணம் அறியாத நான், சோம்பரென்று கடிந்ததுண்டு. பிறக்கும்போதே அவருக்கு ஒரு விதை பைக்குள் இறங்கியிருக்கவில்லை. கருவில் வயிற்றினுள்ளே தோன்றும் விதைகள் பிறப்பிற்கு முன் விதைப்பையை வந்தடைதல் இயல்பு. நிறைமாதத்திற் பிறக்கும் ஆண்மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 3 பேருக்கு அஃது இறங்காதிருக்கும். அவருட் பலருக்குச் சில மாதங்களில் தானே இறங்கும். ஆறு மாதத்தின் பின் இறங்குதல் அரிது. வீட்டாரோ, "வளர வளரச் சரியாகும்" என்று காத்திருந்தனர். 16ஆம் வயதிலேதான் சத்திரசிகிச்சை நடந்தது.

2006இல், தமது 29ஆம் வயதில், அவ்விதையில் நோவில்லாத கட்டியொன்றை அவர் உணர்ந்தார். நோவின்மையே வினையாயிற்று. ஏழு திங்கள் எவரிடமும் வாய்திறக்கவில்லை. நாணந்தான், வேறென்ன? வைத்தியர் கண்டபோது புற்று வயிற்று நிணக்கணுக்களிற் பரவியிருந்தது. விதையை அகற்றிச் சிஸ்பிளாட்டின் முதலிய மருந்துகளை ஏற்றினர். 1970களில் அம்மருந்து வழக்கிற்கு வருமுன், இவ்வாறு பரவியோருட் பெரும்பாலோர் மாண்டனர். இன்று பெரும்பாலோர் பிழைக்கின்றனர். தமையனாரும் பிழைத்தார்.

வைத்தியர் என்னையும் அழைத்துச் சோதித்தார். எனக்கு யாதொரு குறையுமில்லையே என்றேன். உடன்பிறந்தானுக்கு இந்நோய் உண்டாயின் மற்றவனுக்கு அது வரும் வாய்ப்புப் பன்மடங்காம். தந்தைக்கு உண்டாயின் மகனுக்கும் கூடுமாம். ஒரு மரபணுவின் குற்றமன்று, பலவற்றின் சிறு சிறு பங்கு என்றார். நோய் அரிதாதலின், உடன்பிறந்தாருட் பெரும்பாலோருக்கு அது வருவதேயில்லை என்றும் தேற்றினார்.

2012இல் என் மகன் பிறந்தான். அவனுக்கும் அதே குறை! அம்மா, "வளர வளரச் சரியாகும், மோனை" என்றார். நான் இணங்கவில்லை. பதினொராம் மாதத்திற் சத்திரசிகிச்சை செய்வித்தேன். 2007இல் வெளிவந்த சுவீடன் நாட்டு ஆய்வொன்றின்படி, 13 வயதிற்கு முன் அச்சிகிச்சை பெற்றோருக்குப் புற்று வரும் வாய்ப்பு ஏனையோரினும் இருமடங்கு. பின்னர்ப் பெற்றோருக்கோ ஐந்து மடங்கு. ஆபத்து முற்றும் நீங்குவதில்லை. ஆகவே வளர்ந்தபின் அவன் தானே தொட்டுப் பார்த்தறிதல் வேண்டும்.

அதை அவனிடம் சொல்வதெப்படி? ஆண்டுதோறும் வகுப்பில் இடக்கரடக்கலை விளக்குபவன் நான். எத்தனை பேரை அச்சொல் வாய்மூட வைத்ததென்று எண்ணியதில்லை. மகனுக்குப் பதின்மூன்று வயது நிரம்பிய அன்று மாலை, சுற்றி வளைத்து ஏதோ தொடங்கி நின்றுவிட்டேன். திண்ணையில் இருந்த தமையனார், "அப்பன், இங்கே வா" என்று அவனை அருகழைத்து, உள்ளதை உள்ள சொல்லாலேயே சொன்னார்.