வயதுக்கு விலக்கு

சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் ஓய்வு பெறும் நாளில் மாலை சூட்டி, "இவரைப் போன்றவர் இனி எங்கே கிடைப்பார்?" என்று ஆளுக்கு ஆள் பேசுகிறோம். பெரும்பாலும் அது உபசார வார்த்தை. சில சமயம் மெய்யாகவும் இருந்துவிடுகிறது. அறுபது வயதில் அறிவு மங்கிவிடும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லையே! திறமைசாலிகளுக்கு மட்டும் வயது விதியிலிருந்து விலக்கு அளித்தால் என்ன என்று கேட்கும் அன்பர்களுக்கு, அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

பின்னாளில் எப்.பி.ஐ. என்று பெயர் பெற்ற துப்பறியும் இலாகாவுக்கு எட்கர் ஹூவர் என்பவர் 1924-இல் தலைவரானார். எழுபது வயதானால் உத்தியோகத்தை விட்டாகவேண்டும் என்பது அக்காலத்தில் அங்கே சட்டம். அந்த வயது நெருங்கிய சமயம், 1964 மே மாதத்தில், ஜனாதிபதி ஜான்ஸன் அவருக்கு விலக்கு அளித்தார். கெடு எதுவும் குறிக்கவில்லை. 1972-இல், தமது 77-ஆம் வயதில் இறக்கும் வரையில் ஹூவர் அந்த நாற்காலியை விடவில்லை. ஊரார் அந்தரங்கத்தையெல்லாம் கோப்பில் கட்டி வைத்திருப்பவரிடம், "போய் வாருங்கள்" என்று யார்தான் துணிந்து சொல்வது? மார்ட்டின் லூதர் கிங்கை அவருடைய இலாகா ஒற்றறிந்து தொல்லைப்படுத்திய விவரங்களைச் செனட் சபைக் கமிட்டி ஒன்று விசாரித்து வெளியிட்டது. ஆனால், ஹூவர் மறைந்து சில ஆண்டுகள் ஆன பிறகே அது நடந்தது. அந்தப் பதவிக்குப் பத்தாண்டு வரம்பு கட்டியதும் 1976-இல்தான்.

நம் நாட்டு ஸ்ரீதரன் அவர்களின் விஷயம் வேறு. 1964 டிசம்பர்ப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீர்ப்படுத்தியவர் அவர். 1990-இல், தமது 58-ஆம் வயதில், ரயில்வேயிலிருந்து விதிப்படி ஓய்வு பெற்றார். அவர் காலி செய்த இடத்துக்கு அடுத்தவர் வந்தார். அதன் பிறகே கொங்கண் ரயில் பாதையை அமைக்கும் பொறுப்பும், 1997-இல் டில்லி மெட்ரோவும் அவரைத் தேடி வந்தன. அவை கட்டி முடிக்க வேண்டிய வேலைகள். பாதை போட்டாயிற்றா இல்லையா என்று எவரும் கண்ணாலே பார்த்துக்கொள்ளலாம். 2011 முடிவில் விடைபெற்றபோது அவருக்கு வயது 79.

விலக்கு வேலைக்கு இருக்கட்டும், ஆளுக்கு வேண்டாம் என்பதே நமது அபிப்பிராயம். தமிழ்நாட்டுச் சர்க்கார் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியபோது, உத்தியோகத்துக்குக் காத்திருந்த பிள்ளைகள் மனம் நொந்தார்கள். எல்லோருக்கும் பொதுவான விதிக்கே அப்படியென்றால், ஒருவருக்கு மட்டும் காட்டும் சலுகையை அவர்கள் எப்படிப் பொறுப்பார்கள்?

நம் உபாத்தியாயத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்தின் நடுவில் ஓய்வு வயதை எட்டும் ஆசிரியரை, பிள்ளைகளின் படிப்பு கெடாதிருக்கும்பொருட்டு, மறுநியமனம் செய்து கல்வியாண்டின் முடிவு வரையில் வைத்துக்கொள்கிறார்கள். பரீட்சைகள் முடிந்து ஆண்டும் முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போகிறார். இதற்காக மந்திரி எவரிடமும் போய் நிற்கவேண்டியதில்லை; போகும் தேதியும் முதல் நாளே தெரிந்ததுதான்.