இல்லத்திற் கற்பனவும் காண்பனவும்

மெய்ந்நூற் பொருளை உயிர் தன்னதாக்கிக் கொள்ளும் முறையைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்காக நம் சைவ ஆசிரியர் வகுத்தனர். இவை ஞான நூல்களுக்கே உரியன போலத் தோன்றினும், இல்லத்தில் ஓய்ந்த வேளையிற் படிக்கும் கதைக்கும் பார்க்கும் படத்துக்குங்கூட ஒருவாறு பொருந்துவனவேயாம். ஒரு நூலைப் படித்தவரும் ஒரு படத்தைக் கண்டவரும் அதனைக் குறித்துத் தம் கருத்தைப் பிறர்க்குச் சொல்லாது அமைதல் அரிது. அங்ஙனம் சொல்லுதல் குற்றமுமன்று. தாம் உண்ட சுவையைப் பிறர்க்கு உரைத்தல் மக்கட்கு இயல்பு. ஆயினும், கேட்டலுக்கும் தெளிதலுக்கும் இடையே சிந்தித்தல் என்றொரு படி இருப்பதனைக் கற்றவரும் மறந்துபோவதுண்டு. அப்படியைத் தாண்டிவிட்டுச் சொல்லும் கருத்து, உண்மையேயாயினும், கேட்பவர் நெஞ்சைப் புண்படுத்தும். சொல்பவர்க்கும் பயன் தாராது. திருநெல்வேலியில் ஒரு சைவக் குடும்பத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும்.

அக்குடும்பத் தலைவர் கல்லூரியிற் தமிழ் கற்பிக்கும் பேராசிரியர்; பெரியபுராணத்தில் நல்ல பயிற்சியுடையவர். அவருடைய அன்னையார் எண்பத்தைந்து வயதினர். பள்ளியில் மிகுதியாகப் பயின்றவரல்லர். ஆனால் நெல்லையப்பரையும் காந்திமதியம்மையையும் ஒருநாளும் மறவாதவர். பேராசிரியரின் மகள் கல்லூரி மாணவி. மார்கழி மாதத்து ஓர் இரவு, உணவு முடிந்தபின், அன்னையாரின் விருப்பத்துக்கிணங்க 1942-ஆம் ஆண்டு ஜெமினி நிறுவனத்தார் வெளியிட்ட ‘நந்தனார்’ என்னும் படத்தைத் தொலைக்காட்சியில் மூவரும் அமர்ந்து பார்த்தனர். அம்மையார் சிறுமியாயிருந்த காலத்தில், ஊருக்கு வெளியே போட்ட கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து, தம் தாயின் மடியிற் சாய்ந்தபடி கண்ட படம் அது. நந்தனாராக நடித்தவர் எம். எம். தண்டபாணி தேசிகர். திருச்செங்காட்டங்குடியிற் பிறந்து, தேவார இசை மரபிலே வளர்ந்து, பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப் பேராசிரியராக விளங்கியவர் அவர். அவருடைய குரல் எழுந்தபோதெல்லாம் அம்மையாரின் கண்கள் நீர் சொரிந்தன.

படம் முடிந்தது. மகள் ஏதோ கேட்க வாய் திறக்குமுன் பேராசிரியர் தம் கருத்தைச் சொல்லிவிட்டார். “அம்மா, இந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லை. நாற்பது வேலி நிலத்தை ஓர் இரவில் பயிராக்கச் சொன்னதும் இல்லை. பூதகணங்கள் வந்து அந்த வேலையை முடித்ததும் இல்லை. இவையெல்லாம் பின்வந்தவர் கட்டிய கதை.”

“அப்படியா, ஐயா” என்றார் அம்மையார். வேறொன்றும் சொல்லவில்லை. எழுந்து சென்று படுத்துக்கொண்டார்.

பேராசிரியர் சொன்னது முற்றும் உண்மை. எட்டாம் நூற்றாண்டில் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவாரை ஒரு தொடரால் வணங்கினார். நம்பியாண்டார் நம்பிகள் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரு திருப்பாட்டால் போற்றினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில், அநபாய சோழன் காலத்தில், சேக்கிழார் பெருமான் முப்பத்தேழு திருவிருத்தங்களால் அந்த வரலாற்றை விரித்தருளினார். அதிலே பண்ணையாராகிய வேதியர் இல்லை. நந்தனாரைத் தில்லைக்குப் போகவொட்டாது தடுத்தது பிறர் ஆணையன்று. தம் பிறப்பை எண்ணி அவர் தாமே தயங்கிய தயக்கமே. ‘நாளைப் போவேன்’ என்று நாள்தோறும் சொல்லி நின்றமையால் அப்பெயர் பெற்றார். ஏறக்குறைய எழுநூறு ஆண்டு கழித்து, 1860-களின் தொடக்கத்தில் அச்சேறிய கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையிலேதான் வேதியரும் நாற்பது வேலியும் புகுந்தனர். கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக ஆண்வேடம் பூண்டு நடித்த 1935-ஆம் ஆண்டுப் படமும், தேசிகர் நடித்த படமும் பாரதியார் வழியையே பின்பற்றின. ஆகவே பேராசிரியரின் சொல்லிற் பிழையில்லை. பிழை, அச்சொல் பிறந்த வேளையிலும் வகையிலும் இருந்தது.

நான்கு நாள் சென்றபின் மகள் தந்தையிடம் வந்து, “அப்பா, ஆச்சி பூக்கட்டும்போது இப்போதெல்லாம் பாடுவதில்லை, கவனித்தீர்களா?” என்றாள். பேராசிரியர் கவனித்திருக்கவில்லை. அறுபது ஆண்டுக்கு மேலாக, விடியலில் திண்ணையிலமர்ந்து சுவாமிக்கு மாலை தொடுக்கும்போது அம்மையார் நந்தனார் கீர்த்தனைகளை மெல்லப் பாடுவது வழக்கம். அவ்வீட்டில் அது கோழி கூவுவது போல நாள்தவறாது எழும் ஒலி. அவர் அன்னையின் அருகிற் சென்றமர்ந்து காரணம் கேட்டார். அம்மையார் பூவை எடுத்தபடியே, “பொய்யென்று தெரிந்தபின் எப்படிப் பாடுவது, ஐயா? இத்தனை நாளும் நான் அழுததெல்லாம் பொய்க்குத்தானே அழுதேன்?” என்றார்.

அச்சொற் கேட்ட பேராசிரியர் திகைத்தார். கற்றவன் ஒருவன் தன் கல்வியால் தாயின் அன்பைப் பொய்யாக்கிவிட்டானே என்ற எண்ணம் அவரை வருத்தியது. அன்று இரவு டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ள ஒரு வரலாறு அவர் நினைவுக்கு வந்தது. கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்துக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை மாயூரத்திற் பலமுறை சென்று கண்டார். பிள்ளையவர்கள் சேக்கிழார் வாக்கில் ஊறியவர். புராணத்தோடு மாறுபடும் கதைப்போக்கும், கீர்த்தனைகளிற் காணப்பட்ட இலக்கண வழுக்களும் அவர்க்கு உவப்பாயில்லை. ஆதலின் பாயிரம் தாராமல் நாள் கடத்தினார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே ஓய்வுகொண்டிருந்தார். திண்ணையிற் காத்திருந்த பாரதியார் பிறர் கேட்கவேண்டுமென்ற எண்ணமேயின்றித் தம் கீர்த்தனம் ஒன்றைத் தாமே பாடிக்கொண்டிருந்தார். அது பிள்ளையவர்கள் செவியிற் பட்டது. உள்ளம் உருகி, கண்ணீர் பெருகி, அதுவரை மறுத்த பாயிரத்தை அவர் எழுதிக் கொடுத்தார்.

இவ்வரலாற்றைப் பேராசிரியர் வகுப்பறையிற் பலமுறை சொல்லியிருக்கின்றார். தமக்கு அது எதனைச் சொல்கின்றதென்பதை அன்றுதான் எண்ணிப்பார்த்தார். பிள்ளையவர்கள் தாம் கண்ட வேறுபாட்டை இல்லையென்று கொள்ளவில்லை. கீர்த்தனை கேட்டபின் இலக்கண வழு இலக்கணமாகிவிடவுமில்லை. வழுவை மட்டும் கண்ட கண், வழுவினூடே நின்ற அன்பையும் கண்டது, அவ்வளவே. அதுவே சிந்தித்தல். புராணத்தில் இல்லாதது கதை. நந்தனாரின் ஏக்கமோ புராணத்தில் உள்ளது. அம்மையார் அழுதது நாற்பது வேலிக்காகவன்று, அந்த ஏக்கத்துக்காகவே. இதனை அன்னையிடம் ஒரு சொல்லில் எடுத்துரைத்துவிடலாமென்று முதலில் எண்ணினார். சொல்லாற் புண்படுத்தியதனைச் சொல்லாலேயே ஆற்றிவிட முயல்வதும் அவசரமேயென்று பின்னர்த் தெளிந்து, புராணத்தையே எடுத்து வைத்து, மூன்று இரவுகளில் முப்பத்தேழு திருவிருத்தங்களையும் வீட்டிலே படித்துப் பொருள் சொன்னார்.

அம்மையார் புராணத்தை முறையாகக் கேட்டது அதுவே முதன்முறை. ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்த தொண்டர், திருக்கோயில் முரசுகளுக்குப் போர்வைத்தோலும் அவற்றை இறுக்கும் வார்களும், வீணைக்கும் யாழுக்கும் நரம்புகளும், பூசைக்குக் கோரோசனையும் தம் தொழில்வழியே கொடுத்துவந்தார் எனச் சேக்கிழார் கூறும் பகுதியைப் படித்தபோது, “கொஞ்சம் நிறுத்து, ஐயா” என்றார். சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “அவர் கொடுத்த தோல் உள்ளே போயிருக்கிறது, அவர் கொடுத்த நரம்பு சுவாமி முன்னே பாடியிருக்கிறது. அவர் மட்டும் வெளியே நின்றிருக்கிறார். இது படத்தில் இல்லையே!” என்றார்.

பேராசிரியர் அப்பாடலுக்குப் பலமுறை உரை சொன்னவர்; இக்கருத்து அவர்க்குத் தோன்றியதில்லை. புராணத்தில் இல்லாதது படத்தில் உண்டென்று அவர் சொன்னார். படத்தில் இல்லாதது புராணத்தில் உண்டென்று அன்னை சொன்னார். இரண்டும் ஒப்புநோக்கே. முன்னது கேட்டவரை வாயடைக்கச் செய்தது; பின்னது கேட்டவரை மேலும் படிக்கத் தூண்டியது.

மூன்றாம் இரவு, கூத்தப்பிரான் கனவிலே தோன்றி எரியிற் புகுந்து வருமாறு அருளியதும், நந்தனார் எரியினின்றும் முனிவராய் எழுந்ததும், தில்லைவாழந்தணர் கைதொழுததும் படிக்கப்பெற்றன. அப்போது மகள் கேட்டாள்: “தோலும் நரம்பும் எரியிற் புகாமலே உள்ளே சென்றனவே, அப்பா. அவர் மட்டும் ஏன் எரியிற் புகவேண்டும்?”

பேராசிரியர்க்கு ஆயத்தமான விடை ஒன்று இருந்தது. மலத்தால் மறைப்புண்ட உயிர் அருளால் தூய்மையுறுதலைக் குறிப்பது அந்த எரி என்று வகுப்பிற் சொல்லி வந்தார். அவ்விடை நாவின் நுனிவரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்தார். அவள் கேட்டது தத்துவம் அன்று, நியாயம் என்பதை உணர்ந்தார். ஆகவே தாம் அறிந்ததை மட்டும் சொன்னார். 1939-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மதுரை மீனாட்சியம்மை திருக்கோயிலுள் வைத்தியநாத ஐயர் தலைமையில், அதுகாறும் விலக்கப்பட்டிருந்தோர் நுழைந்து வழிபட்டனர். மூன்றாண்டு கழித்து வந்ததே தேசிகரின் படம். 1947-இல் மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. கொட்டகையின் மணலில் அமர்ந்து அப்படத்தைக் கண்டவர் பலர்க்கு அது பழங்கதையன்று, தம் ஊரிற் கண்ணெதிரே நிகழ்ந்துகொண்டிருந்த வழக்கு. வேதியர் நந்தனாரின் அடியில் வீழும் காட்சியைப் பாரதியார் ஏன் படைத்தார், மக்கள் அதனை ஏன் விரும்பினர் என்பதற்கு ஒரு காரணம் இங்கே புலப்படுகின்றது. இவற்றைச் சொல்லியபின், “உன் கேள்விக்கு இது முழு விடையன்று, அம்மா. நானும் இன்னும் சிந்திக்க வேண்டும்” என்றார். தந்தை அங்ஙனம் சொல்லக் கேட்டது மகளுக்கு அதுவே முதன்முறை. அவள் புராணத்தைத் தன் அறைக்கு எடுத்துச் சென்றாள்.

இந்நிகழ்ச்சியினின்றும் அன்பர்கள் கொள்ளத்தக்கன சில. ஒரு நூலையோ படத்தையோ நுகர்ந்தபின், அதில் இல்லாததைச் சொல்லுமுன் உள்ளதைச் சொல்லுதல் வேண்டும். பக்கத்திலிருந்தவர் எதற்குக் கண்ணீர் விட்டார் என்பதை அறிந்தபின்னரே தம் தீர்ப்பை உரைத்தல் வேண்டும். அதற்காக உண்மையை மறைத்தலும் ஆகாது. பெரியபுராணம் பன்னிரண்டாந் திருமுறை. அதற்கும் கீர்த்தனைக்கும் வேற்றுமையில்லையென்று முகமன் கூறுவது அன்பன்று. வேற்றுமையைச் சொல்லுதல் கற்றவர் கடன். அதனைக் கேட்டவர் முன்னிலும் மிகுதியாக நூலை நாடும்படி சொல்லுதலே அக்கடனை நிறைவேற்றும் முறை. மேலும், எழுத்தறிவு மிக்கவரிடமிருந்தே தெளிவு பிறக்கும் என்னும் நியதியும் இல்லை. நூலைக் கற்றவர் காணாததை நூலைக் கேட்டவர் கண்டது அவ்வீட்டின் அனுபவம்.

திருவாதிரை நாள் வந்தது. வைகறையில் மூவரும் நெல்லையப்பர் திருக்கோயிலில் தாமிர சபையின் முன் நின்றனர். தீபாராதனை வேளையில் முரசு முழங்கியது. கூட்டத்தில் எல்லோரும் கூத்தப்பிரானை நோக்கிக் கைகூப்பி நிற்க, அம்மையார் ஒரு கணம் முரசு ஒலித்த பக்கமாகத் திரும்பி, அங்கும் கைகூப்பினார். பேராசிரியர் அதனைக் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியலில் திண்ணையிற் பூத்தொடுக்கும் அன்னையின் பாட்டு மீண்டும் கேட்டது.

திருச்சிற்றம்பலம்.