கழுகின் கூட்டில் பருந்துக் குஞ்சு

கானடா தேசத்தின் மேற்குக் கரையை அடுத்த வான்கூவர் தீவில் ஸிட்னி என்றொரு சிற்றூர் உண்டு. பெயரைக் கேட்டதும் நேயர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட வேண்டாம். இது வேறு ஸிட்னி. வான்கூவர் நகரத்துப் பக்கமிருந்து கப்பலேறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் தீவை அடைந்துவிடலாம்.

2017-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் நாங்கள் அங்கே சென்றபோது, கடற்கரையில் ஒரு சிறு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. பெரியவர்களும் குழந்தைகளும் தூரதிருஷ்டிக் கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கி, ஓர் உயர்ந்த மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பார்த்தோம். சுள்ளிகளால் கட்டிய பெருங்கூடு. அதில் வெண்தலைக் கழுகின் குஞ்சுகள் மூன்று. அவற்றின் நடுவே, அவற்றில் பாதி அளவுகூட இல்லாத நாலாவது குஞ்சு ஒன்று! அது கழுகின் குஞ்சே அன்று. செவ்வால் பருந்தின் குஞ்சு.

இதன் விசித்திரத்தை உணர வேண்டுமானால் இவ்விரு ஜாதிகளின் உறவை அறிய வேண்டும். வெண்தலைக் கழுகு சிறகை விரித்தால் சுமார் 7 அடி. பருந்து 4 அடிதான். இருந்தும், கழுகைக் கண்டால் பருந்து சீறிப் பாய்ந்து துரத்தும். காரணம் இல்லாமலில்லை, கழுகு சமயம் பார்த்துப் பருந்தின் குஞ்சைத் தூக்கிச் சென்று தின்றுவிடும். அத்தகைய ஜன்மப் பகைவனின் வீட்டில் இந்தக் குஞ்சு விருந்துண்டுகொண்டிருந்தது!

தாய்க் கழுகு மீனைக் கிழித்து ஊட்டியது. பருந்துக் குஞ்சு சற்றும் அஞ்சாமல் முன்னே வந்து தன் பங்கை வாங்கிக்கொண்டது. கரையில் நின்றவர்களுக்கோ ஓயாத கவலை. பசி மிகுந்தால் பெரிய குஞ்சுகள் சிறியதைக் கொன்றுவிடுவது கழுகுக் குடும்பங்களில் புதிதல்லவே!

அந்தக் குஞ்சு அங்கே வந்தது எப்படி? இரையாகவே வந்திருக்க வேண்டும் என்பது கழுகு ஆராய்ச்சியில் தேர்ந்த டேவிட் ஹான்காக் என்பவரின் கருத்து. உயிரோடு கூட்டில் விழுந்த குஞ்சு, பசியால் வாயைத் திறந்து கத்தியிருக்கும். கத்தும் வாய்க்கு உணவு ஊட்டுவது பெற்ற பறவையின் இயல்பு. அந்தக் கணத்தில் இரை பிள்ளையாகிவிட்டது.

2022-இல் இதே கடற்பகுதியில், வடக்கே உள்ள கேப்ரியோலா தீவில், கழுகுக் கூடு ஒன்றின்மேல் காமிரா வைத்திருந்தார்கள். கழுகு ஒரு பருந்துக் குஞ்சை இரையாகக் கொண்டுவந்து போட்டதும், பிறகு அதற்கே ஊட்டி வளர்த்ததும் அதில் பதிவாயின. ஹான்காக்கின் ஊகத்துக்கு அது நல்ல சாட்சியாயிற்று.

ஸிட்னிக் குஞ்சும் பிழைத்துக்கொண்டது. ஜூன் மாதக் கடைசியில் அது சிறகடித்துப் பறந்தது. பறந்த பிறகும், பசித்தபோது உணவுக்காகக் கழுகுக் கூட்டையே நாடித் திரும்பி வந்தது. வேறெந்த வீடும் அதற்குத் தெரியாதல்லவா?