அறையின் சத்தம்

ஒரு பெண், தனி வீடு, நள்ளிரவு, கதவு தட்டப்படுகிறது. நான் எடுத்த 12 நிமிடக் குறும்படம் இவ்வளவுதான். அவள் தாழ்ப்பாளில் கை வைக்கும்போது அரங்கமே மூச்சை அடக்கிக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருந்தேன். சிரித்தார்கள். முதலில் பின்வரிசையில் ஒருவர், பிறகு பாதி அரங்கு. கூட்டத்துக்கு ரசனை இல்லை என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

படப்பிடிப்பின்போதே இரண்டு பேர் எச்சரித்திருந்தார்கள். நடித்த பெண், "இவ்வளவு பயப்படுறவ ஏன் சார் கதவைத் திறக்கிறா?" என்றாள். "ஸ்கிரிப்ட்ல அப்படித்தான் இருக்கு" என்றேன். ஒலிப்பதிவு செய்த நண்பன், பேக்கப் சொல்லும் முன் எல்லோரையும் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொன்னான். யாரும் பேசாதபோது அந்த அறைக்கென்று இருக்கும் சத்தத்தைப் பிடிக்க வேண்டுமாம். ரூம் டோன் என்பார்கள். மணி இரவு இரண்டு. வேன்காரர் வெயிட்டிங் சார்ஜ் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "வெறும் ரூமை ரெக்கார்டு பண்ணி என்னடா செய்யப்போற? மியூசிக் போட்டு ரொப்பிக்கலாம்" என்றேன். ரொப்பவும் செய்தேன். முதல் ஷாட்டிலிருந்தே வயலின் கீச்சிட்டது. கேமராவோ குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

வயலினுக்குக் காரணம் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'. 1960-இல் வந்த அந்தப் படத்தின் குளியலறைக் கொலையைத் துண்டு வீடியோவாக மட்டுமே பார்த்துவிட்டு, படத்தையே பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். சிரிப்புக்குப் பிறகுதான் முதலிலிருந்து பார்த்தேன்.

படத்தின் நாயகி மரியன் அலுவலகப் பணம் 40,000 டாலரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள். மோட்டல் அறையில் மனம் மாறி, செலவழித்தது போக மீதி எவ்வளவு என்று ஒரு தாளில் கழித்துப் பார்க்கிறாள். தாளைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடுகிறாள். பிறகுதான் ஷவர். அந்தக் கழித்தல் கணக்கைப் பார்த்தபின் அவள் நமக்கு அந்நியள் இல்லை. என் படத்துப் பெண்ணுக்கு ஒரு மளிகைக் கடன்கூடக் கிடையாது. அவள் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன!

ஷவரைத் திறந்த பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். கேமரா பதறவில்லை. ஷவர் திரைக்கு அப்பால் ஒரு நிழல் நெருங்குகிறது. அவள் முதுகு காட்டி நிற்கிறாள். நமக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியவில்லை. திரை விலக்கப்படும் நொடியில்தான் பெர்னார்ட் ஹெர்மனின் வயலின்கள் அலறுகின்றன. ஹிட்ச்காக்கே முதலில் அங்கே இசை வேண்டாம் என்றிருந்தவர். ஹெர்மன் அமைத்ததைக் கேட்ட பிறகுதான் மனம் மாறினார். நான் அலறலை மட்டும் திருடிக்கொண்டு தண்ணீரை விட்டுவிட்டேன்.

அடுத்துப் பார்த்தது கோயன் சகோதரர்களின் 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' (2007). ஹோட்டல் அறை இருட்டில் ஒருவன் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிறான். கதவிடுக்கு வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல். அது நகர்ந்துவிடுகிறது. பிறகு வெளியே விளக்கு அணைகிறது. முகமும் இல்லை, இசையும் இல்லை. நடுராத்திரியில் கரன்ட் போய் ஃபேன் நின்றதும், அதுவரை கேட்காத குழாய்ச் சொட்டு கேட்கத் தொடங்கும். வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்வோம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த பயம் அது.

திரும்ப எடிட் செய்ய உட்கார்ந்து வயலினை எடுத்தேன். அடியில் ஒன்றுமே இல்லை. வசனம் முடிந்த இடத்திலெல்லாம் ஒயரைப் பிடுங்கியதுபோல் சத்தம் அறுந்து கிடந்தது. நண்பனுக்குப் போன் போட்டு, அந்த அறையின் சத்தம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"நீதான் எடுக்க விடலையே" என்றான்.

வீட்டுக்காரரைக் கெஞ்சி, ஒலிப்பதிவுக் கருவியோடு மறுபடி அங்கே போனோம். அந்த அறைக்கு ஏசி மாட்டியிருந்தார்.